டிஸ்க்கில் வைத்த பொட்டு

போன வாரம் தினேஷ் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மலைச் சைக்கிளின் டிஸ்க் பிரேக்குக்குப் போடும் பேட் வகைகள். சிவப்பு, நீலம், பொன்னிறம் என்று கலியாண வீட்டு இனிப்புத் தட்டு மாதிரி வரிசையாக இருந்தன. கீழே குரல் பதிவு: "ராஜி அக்கா, ஒன்லைன்ல ஓடர் போடப் போறோம். எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஹட்டனில் நான் வேலை பார்த்த சைக்கிள் கராஜ் இப்போது தினேஷின் பொறுப்பில் இருக்கிறது. முழங்கால் வலி பொறுக்காமல் நான் விலகி வந்து இரண்டு வருசமாகிறது. நல்ல பையன், வேலையில் சுத்தம். ஆனால் இந்த ஒரே வார்த்தைப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எதையும் விரித்துச் சொல்லித்தான் பழக்கம். அவனுக்கு அன்றைக்குப் பதில் போடவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்காகப் பிறந்தவள் இல்லை. வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, கலியாணம் முடித்து, புருசனைச் சீக்கிரமே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஹட்டனுக்கு வேலை தேடி வந்தவள். வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் மலைமலையாகக் கூட்டிப்போகும் ஒரு கம்பனியில், சேறு பிடித்த சைக்கிள்களைக் கழுவ ஆள் தேவை என்றார்கள். கழுவினேன். கழுவக் கழுவ ஒவ்வொரு சாமானும் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எது தேய்கிறது, எது சும்மா அழகுக்கு இருக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்தது. ஒருநாள் மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் கட்டாருக்குப் போய்விட்டார். மறுநாள் முதலாளி என்னிடம் சாவிக்கொத்தை நீட்டினார். என் படிப்பு அவ்வளவுதான்.

முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், முஸ்லிம் ஆட்களில் அண்ணனுக்கு அப்படி. ஹட்டன் முஸ்லிம், அப்பா காலத்தில் துணிக்கடை. கடையை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வந்த கிறுக்கு மனுசர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கராஜ் முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

பேட் விசயத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பழைய பேட்டைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். பெருவிரலால் தடவுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், கடைசியில் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் சூடேறிக் கருகியது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேட்டை அழுத்தும் பிஸ்டன் ஒன்று இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் வாடை வந்தால் குப்பைக்கு, அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சே இல்லை. அதற்குப் பிறகுதான் புதுப் பேட். அதைக் கொடுக்கு முன் எப்போதும் ஒரே கேள்வி: "எந்த ரோட்டுக்கு, தங்கச்சி?"

அலமாரியில் இரண்டு பிஸ்கட் டின் இருந்தன. ஒன்றில் மெது பேட். பிசினில் செய்தது. சத்தம் போடாது, குளிரிலும் முதல் பிடியிலேயே கவ்வும். ஆனால் மழையும் மணலும் சேர்ந்தால் சோப்புக் கட்டி மாதிரிக் கரைந்துவிடும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். மற்ற டின்னில் உலோகப் பேட். சேற்றுக்கும் சூட்டுக்கும் அஞ்சாது, நாள்பட உழைக்கும். ஆனால் கத்தும், சூடேறும் வரை சோம்பேறி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டையும் சேர்த்துத் தின்னும். சில டிஸ்க்குகளில் மெது பேட் மட்டும் போடு என்று எழுத்தே வெட்டியிருக்கும். அதில் உலோகத்தைப் போட்டால் டிஸ்க் சீக்கிரமே பாழாகும். நுவரெலியாவில் வாவியைச் சுற்றிப் படம் பிடிக்கிறவர்களுக்கு மெது போதும். வட்டவளைப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு உலோகம். அங்கே பெய்கிற மழையை நான் சின்னப் பிள்ளையிலிருந்து நனைந்து அறிவேன்.

பேட்டைப் போட்டு முடித்தால் வேலை முடிந்ததாக நானா ஒத்துக்கொள்ளமாட்டார். பேட் போட்டவர்தான் அந்த வண்டியில் முதலில் இறங்க வேண்டும். கராஜ் வாசலிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒரு சரிவு ரோட்டோர முனியாண்டி கோயில் வரைக்கும் போகும். வேகமாக இறங்கி, சக்கரத்தைப் பூட்டிவிடாமல் அழுத்தி, நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். புதுப் பேட் அப்படித்தான் டிஸ்க்கோடு பழகும். கோயில் முன்னால் நின்றால் சரி. நிற்காவிட்டால் ரோட்டோரக் கான், சாக்கடைதான். என்னை முதல் தடவை அனுப்பியபோது, "நானா, எனக்கு சைக்கிளே சரியா வராது" என்றேன். "அப்ப பிரேக்க இன்னும் கவனமாப் போடுவீங்க" என்றார்.

இனி அந்த ஆயுத பூசைக் கதை.

எங்கள் கராஜில் முன்பெல்லாம் பூசை சின்னதாகத்தான் நடக்கும். ஸ்பானர் சாவிப் பெட்டிக்கும் சாமான் ஏற்றும் லொறிக்கும் பொட்டு வைத்து, ஒரு பூசணிக்காய் உடைப்போம். பூசணிக்காயைச் சந்தையில் தட்டிப் பார்த்து வாங்கி வருவது நானாதான். அந்த வருசம் மலர் வந்தாள். எங்கள் வழிகாட்டி சிவாவின் புதுப் பெண்டாட்டி, அங்கேயே சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை, பக்தி ஜாஸ்தி. எல்லாச் சைக்கிளுக்கும் பூசை செய்ய வேண்டும் என்று அவள் சொல்ல, சமையலறை முழுக்கக் கிளம்பிவிட்டது.

நான் அங்கே இல்லை. பூசை நாளில் மத்தியானத்தோடு நான் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். யாரும் வராதே என்று சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. புருசன் இல்லாதவள் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விசயமில்லையே. எனக்கு அதில் கோபம் இருந்தது. நட்டுக் கழற்ற இந்தக் கை வேண்டும், பொட்டு வைக்க மட்டும் வேண்டாமா என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து முணுமுணுத்திருக்கிறேன். வெளியே காட்டியதில்லை. மலர் அன்றைக்குக் கடலையும் பொங்கலும் கொடுத்தனுப்பியிருந்தாள். தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை ஒரு கூட்டம் வட்டவளைக்கு இறங்குவதாக இருந்தது. சிவாதான் கூட்டிப்போகிறவன். அவன் வண்டிக்குப் பூசைக்கு முன்தான் பேட் மாற்றியிருந்தேன், இறங்கிப் பார்க்க நேரமில்லாமல் போயிருந்தது. அதனால் வந்ததும் அதை எடுத்தேன். ஹேண்டிலில் செவ்வந்தி மாலை. கழற்ற மனசில்லாமல் அப்படியே ஏறி உட்கார்ந்தேன்.

சரிவில் பாதி இறங்கியதும் பிரேக்கை அழுத்தினேன். கைப்பிடி கல்லு மாதிரி இறுகியது, சக்கரம் நிற்கவில்லை. கத்தியது, அவ்வளவுதான். இன்னும் அழுத்தினேன். முனியாண்டி என்னை நோக்கி ஓடிவருகிற மாதிரி இருந்தது. காலை ஊன்றி, ஊன்ற முடியாமல், கடைசியில் வண்டியைத் தேயிலைக்குள் திருப்பிவிட்டேன். முழங்கை கிழிந்தது. செவ்வந்தி மாலையோடு செடிக்குள் விழுந்து கிடந்த என்னை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அன்றைய ஒரே நல்ல காரியம்.

டிஸ்க்கை விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வண்டியில் வட்டமாக, வெள்ளித் தட்டு மாதிரி மின்னுகிற இடம் அது ஒன்றுதான். பொட்டு வைக்கப் போகிறவள் வேறு எங்கே வைப்பாள்? லொறிக்காரர்கள் பூசைக்கு பொனட்டை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளக்க வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தேன். மலர் சமையலறை வாசலில் நின்றாள்.

"மலரு, டிஸ்க்குல எண்ண பூசுனது யாரு?"

"நாந்தாங்கக்கா. எல்லா வண்டிக்கும் தொடச்சிட்டுத்தான் பொட்டு வச்சோம். ஏங்கக்கா, கையில ரத்தம் வருதே?"

"கை கெடக்கட்டும். எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கணும். எண்ண குடிச்ச பேட்டையெல்லாம் வீசணும்."

விருந்தாளிகளின் வண்டிகளைத் துடைப்பதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் வண்டிதானே. எல்லாவற்றையும் துடைத்து, டின்னிலிருந்த உலோகப் பேட் முழுவதையும் அவற்றுக்கே போட்டு, ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்தேன். கடைசியாகச் சிவாவின் வண்டிக்குக் குனிந்தபோது மலர் ஓடிவந்து டிஸ்க்கின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"இது வேணாங்கக்கா. அவங்க வண்டி. விரதம் இருந்து வச்ச பொட்டு."

அவள் என் கையிலிருந்த துணியைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள். அவள் புருசனுக்காக வைத்த குங்குமத்தை, நெற்றியில் ஒன்றுமில்லாத நான் துடைக்கப் போகிறேன். அவள் வாயால் சொல்லவில்லை, சொல்லக்கூடிய பிள்ளையுமில்லை. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

சிவா வந்தான். என்னோடு வருசக்கணக்காக வேலை செய்தவன், என் கையால் சோறு தின்றவன். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"ஒங்கள ஒண்ணும் சொல்லலக்கா. இவ பயப்படுறா. நான் இப்படியே போறேன். ரெண்டு வளைவு எறங்குனா எண்ண தானா தேஞ்சி போயிரும்."

"அது தேயுறதுக்குள்ள நீ தேஞ்சிருவ. தேயிலைக்குள்ள கெடந்து நான் பாத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

அப்போதுதான் நானா வந்தார். வண்டியைப் பார்த்தார், என் முழங்கையைப் பார்த்தார், மலரின் கையைப் பார்த்தார்.

"நின்னுச்சா, தங்கச்சி?"

"நிக்கல நானா."

"எந்த ரோட்டுக்கு?"

"வட்டவளைக்கு."

வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து முக்காலியில் உட்கார்ந்தார். "பொட்டு ஒங்கட விசயம், நான் நடுவுல வரமாட்டேன். பிரேக்கு ராஜியட விசயம், அதுலயும் வரமாட்டேன். ஆனா நிக்காத வண்டி இந்த வாசல் கேட்டத் தாண்டாது."

விருந்தாளிகள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார்கள். சிவா போகாவிட்டால் பயணமே இல்லை, மாற்றிக் கொடுக்க மிச்ச வண்டியும் இல்லை. இந்தப் பிரேக்கோடு போனால் அவன் திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் பிடித்துத் துடைத்து, அதற்குப் பிறகு அவனுக்கு ஏதாவது ஆனால், பழி பிரேக்கின் மேல் விழாது. தாலியறுத்தவள் பொட்டை அழித்தாள், அதனால்தான் என்பார்கள். மலர் ஆயுசுக்கும் அதை நம்புவாள். கையில் துணியோடு நின்றேன். டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் ஆறு சின்னத் திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆணிகள்தான் வழி சொல்லின.

"மலரு, பொட்ட யாரும் அழிக்க வேணாம். டிஸ்க்கோட கழட்டித் தாறேன். பொட்டு பொட்டா இருக்கட்டும். சாமி படத்துக்கிட்ட வச்சிரு. வண்டிக்கு வேற டிஸ்க் போடுறேன்."

அவள் யோசித்தாள். "கழட்டுனா அழிக்கிறதா ஆகாதில்லீங்களா அக்கா?"

"விளக்க எடுத்து வேற மாடத்துல வச்சா அணைக்கிறதா ஆகுமா?"

மெதுவாகக் கையை எடுத்தாள்.

ஆறு ஆணியையும் கழற்றி, டிஸ்க்கை ஓரத்தில் மட்டும் பிடித்து, குங்குமம் கலையாமல் நீட்டினேன். முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். பின் சக்கரத்து டிஸ்க்கையும் அப்படியே. இரண்டையும் பிள்ளையைத் தூக்கிப் போகிறவள் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாமி அலமாரிக்குப் போனாள்.

அதோடு பிரச்சினை தீரவில்லை. ஸ்டோரில் இருந்த டிஸ்க்குகள் சாதாரண வகை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எழுத்து வெட்டியிருக்கிறது: மெது பேட் மட்டும். உலோகப் பேட் எப்படியும் தீர்ந்துவிட்டது. வட்டவளை இறக்கம், மழை வரப் போகிறது, கையில் இருப்பதோ மழையில் கரைகிற பேட். வேறு வண்டியிலிருந்து உலோகப் பேட்டைக் கழற்றி இதற்குப் போட்டால் என்ன என்று சிவா கேட்டான். கூடாது என்றேன். அந்த டிஸ்க்குக்கு அது பகை, பகையானதைப் போட்டு அவ்வளவு பெரிய இறக்கத்தில் ஆளை அனுப்பமாட்டேன். மழையில் அவ்வளவு சூடேறாது, அப்போது மெது பேட்டுக்கு ஒரு குறைதான், சீக்கிரம் தீரும். தீருமட்டும் அது பொய் சொல்லாது. அதனால் முன்னும் பின்னும் புது மெது பேட் போட்டேன். இன்னும் இரண்டு சோடியை அவன் பையில் வைத்து, பாதி வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்தி, தேய்ந்திருந்தாலும் தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். முதலில் பிளாஸ்டிக் நெம்பியால் பிஸ்டனை உள்ளே தள்ளு, சக்கரம் இல்லாதபோது கைப்பிடியைத் தொடாதே, பேட்டின் முகத்தில் விரல் படக்கூடாது. அவனுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"நான் எறங்கிப் பாக்கிறேங்கக்கா, ஒங்களுக்குக் கை சரியில்ல" என்றான்.

"போட்டது நான்" என்று ஏறினேன்.

எத்தனை தடவை இறங்கி, தள்ளிக்கொண்டு ஏறி, மறுபடி இறங்கினேன் என்று எண்ணவில்லை. முதலில் நழுவியது, பிறகு மெல்லக் கவ்வியது, கடைசியில் முனியாண்டிக்கு முன்னால் சத்தமில்லாமல் நின்றது. சமையலறை சன்னலில் மலரின் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "இப்ப போகலாம்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டியது. அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. நான் கராஜைக் கூட்டினேன், கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினேன். மலர் கேட்டுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். அவள் புருசனுக்காகப் பயந்தாள். நான் அவனுக்காகவும் எனக்காகவும் பயந்தேன்.

அந்திப் பொழுதில் லொறி வந்தது, சைக்கிள்கள் மேலே, ஆட்கள் உள்ளே. சிவா தலை முதல் கால் வரை சேறாக இறங்கி நேரே கராஜுக்கு வந்தான். பையிலிருந்து பழைய பேட்டுகளை எடுத்து என் கையில் போட்டான். பிசின் முழுவதும் போய்த் தகடு தெரிந்தது. மடுவத்தில் மாற்றியிருக்கிறான்.

"மாத்திட்டு எறங்குனேங்கக்கா. கீழ வளைவுல கொழுந்து டிராக்டர் ரோட்டுக்குக் குறுக்க நிக்குது. முன்னால போன வெள்ளக்காரப் பொம்பள விழுந்து கெடக்கா. நான் அவ தலைக்கு நேரா வாறேன்." ஒரு முழம் அகலத்துக்குக் கையைக் காட்டினான். "இவ்வளவுதான் இருந்திச்சி. நின்னுச்சிக்கா."

மலர் அவனுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்கு அது சுருக்கென்றது. பிறகு முழங்கைக்குக் கட்ட மஞ்சளும் வெந்நீரும் அவள்தான் கொண்டுவந்தாள். கட்டி முடிக்கும் வரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தினேஷ், உனக்கு ஒரே வார்த்தை இல்லை. முதலில் பழைய பேட்டைக் கழற்றிப் படத்தோடு வடிவத்தைப் பொருத்திப் பார். பிறகு டிஸ்க்கில் என்ன வெட்டியிருக்கிறது என்று வாசி. அதற்குப் பிறகு எந்த ரோட்டுக்கு, என்ன மழைக்கு, யார் ஏறப்போகிறார்கள் என்று கேள். அதற்குள் பதில் உனக்கே வந்துவிடும். போட்டதும் முனியாண்டி வரைக்கும் நீயே இறங்கு. சாமி அலமாரியில் குங்குமம் காய்ந்துபோன இரண்டு டிஸ்க் இருக்கின்றனவே, அவை ஏன் அங்கே என்று முன்பொருநாள் கேட்டாயே, இதுதான். தூசி தட்டுகிறேன் என்று துடைத்துவைக்காதே.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருசம் ஆயுத பூசை வந்தது. மத்தியானம் வழக்கம் போல் சாவியை மாட்டிவிட்டுக் கைப்பையை எடுத்தேன். கேட்டில் மலர் நின்றாள், வயிற்றில் ஏழு மாதம். கையில் சந்தனக் கிண்ணம். சமையலறைப் பெண்கள் பின்னால் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கக்கா போறீங்க?"

"வீட்டுக்குத்தான்."

கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "மொதல்ல அவங்க வண்டிக்கு வைங்க. எங்க வைக்கக்கூடாதுன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

சிவாவின் வண்டியில், ஹேண்டிலுக்கு நடுவே, டிஸ்க்கிலிருந்து தள்ளி, சந்தனத்தை வைத்துக் குங்குமமிட்டேன். அப்புறம் அவள் தன் நெற்றியையும் நீட்டினாள்.